நீதிமன்ற அதிகாரி முதல் முதல்வர் வரை... குபேரின் கணக்கை மாற்றிய கிராமங்கள்!

வார இறுதியில் புதுச்சேரி கடற்கரைக்குப் போய், காந்தி சிலை முன்னால் நின்று செல்ஃபி எடுத்துத் திரும்புபவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். அவர்கள் நடந்த சாலைக்கு குபேர் அவென்யூ என்று பெயர். ஊருக்குள் மீனும் பூவும் காய்கறியும் விற்கும் பெரிய மார்க்கெட்டுக்கும் குபேர் அங்காடி என்றுதான் பெயர். மார்க்கெட் என்பதால், செல்வத்துக்கு அதிபதியான குபேரனின் பெயரை வைத்திருக்கிறார்கள் என்று நம்பும் வெளியூர்க்காரர்களும் உண்டு.

இந்தக் குபேர் வேறு. எதுவார் குபேர். தந்தை பிரெஞ்சுக்காரர், தாய் தமிழ்ப் பெண். நீதிமன்றத்தில் வேலை பார்த்து, அரசியலுக்கு வந்து, பிரான்ஸ் நாடாளுமன்றத்தில் உறுப்பினராக அமர்ந்து, பிறகு பிரான்ஸுக்கு எதிராகவே திரும்பி, கடைசியில் இந்திய யூனியன் பிரதேசத்தின் முதல் முதலமைச்சர் ஆனவர். இப்படி ஒரு வாழ்க்கை இந்திய அரசியலில் இன்னொருவருக்கு வாய்த்திருக்குமா என்பது சந்தேகமே.

அவர் பெயர் நகரத்தில் நிலைத்துவிட்டது. ஆனால், அவர் வாழ்க்கையின் பெரிய திருப்பம் நடந்தது நகரத்தில் இல்லை. பாகூருக்கும் வில்லியனூருக்கும் அப்பால், வயல்களுக்கு நடுவில் நடந்தது.

காலில் ஷூ... கோர்ட்டில் வழக்கு!

புதுச்சேரி அரசியலுக்கும் நீதிமன்றத்துக்கும் உள்ள உறவு பழையது. 1873-ல் பொன்னுத்தம்பி பிள்ளை என்ற வழக்கறிஞர் காலில் ஷூ அணிந்து நீதிமன்றத்துக்குள் நுழைந்தார். ஐரோப்பியர் அணியலாம், இந்தியர் அணியக் கூடாது என்று நீதிபதி தடுத்தார். பிள்ளை விடவில்லை. வழக்கைப் பாரிஸில் இருந்த உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோய் ஜெயித்தார்.

விஷயம் ஷூவோடு நிற்கவில்லை. சட்டத்தின் முன் பிரெஞ்சுக்காரரும் தமிழரும் சமமா என்ற கேள்வி ஊர் முழுக்கப் பரவியது. 1881-ல் பிரெஞ்சு அரசு ஒரு ஆணை போட்டது. தங்கள் சாதி, சமய வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்பவர்கள் பிரெஞ்சுக்காரர்களுக்கு நிகராக நடத்தப்படுவார்கள் என்றது அந்த ஆணை. பொன்னுத்தம்பி பிள்ளை தன் பெயரோடு ‘லாப்போர்த்’ என்று சேர்த்துக்கொண்டார். இன்றும் புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடும்பப் பெயரோடு வாழும் பல தமிழ்க் குடும்பங்களின் கதை அங்கே தொடங்கியதுதான்.

குபேர் பிறந்தது அதற்குப் பிறகு, 1894 ஜூலை 29-ல். பிறப்பாலேயே இரண்டு பக்கமும் உறவுள்ளவர். நீதிமன்றத்தில் ‘கிரெஃபியே’ என்ற பதவியில் இருந்தார். வழக்குப் பதிவுகளையும் தீர்ப்புகளையும் காத்து, நகல் கொடுத்து, முத்திரை வைக்கும் அதிகாரி. வாதாடும் வக்கீலைவிட இவரிடம்தான் ஊர் வழக்குகளின் முழு விவரமும் இருக்கும். யாருக்கு யாரோடு நிலத் தகராறு, எந்தக் குடும்பத்தில் பாகப் பிரிவினை முடியவில்லை, எந்தப் பெரிய மனிதர் மீது என்ன வழக்கு நிற்கிறது... பிற்காலத்தில் அரசியல் செய்ய நினைப்பவருக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடைக்காது.

‘மேரி’யின் சாவி யாரிடம்?

குபேரின் அரசியலைப் புரிந்துகொள்ள ‘கொம்யூன்’ என்ற சொல்லைத் தெரிந்துகொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் ஊராட்சி ஒன்றியம் என்பார்கள். புதுச்சேரியில் இன்றுவரை கொம்யூன் பஞ்சாயத்துதான். பிரான்ஸில் உள்ள உள்ளாட்சி அமைப்பை அப்படியே இங்கே கொண்டுவந்து 1880-ல் நட்டார்கள். பிரெஞ்சிந்தியா முழுவதற்கும் பத்து கொம்யூன்கள். அந்தப் பத்தில் வில்லியனூர் ஒன்று, பாகூர் ஒன்று. பின்னால் இவை பிரிந்து பதினேழு ஆகின. புதுச்சேரிப் பகுதியில் மட்டும் எட்டு: புதுச்சேரி, முதலியார்பேட்டை, அரியாங்குப்பம், உழவர்கரை, வில்லியனூர், பாகூர், மண்ணாடிப்பட்டு, நெட்டப்பாக்கம்.

ஒவ்வொரு கொம்யூனுக்கும் ஒரு மேயர். அவர் உட்காரும் அலுவலகம் ‘மேரி’. பிறந்தால் அங்கே பதிவு, கல்யாணம் என்றால் அங்கே கையெழுத்து, இறந்தால் அங்கே சான்றிதழ். இதெல்லாம் வெளியே தெரியும் வேலை. மேயரின் உண்மையான பலம் வேறு இடத்தில் இருந்தது. வாக்காளர் பட்டியல் தயாரிப்பதும், வாக்குச்சாவடியை நடத்துவதும் அவர் கையில்தான். பட்டியலில் யார் பெயர் இருக்கும், யார் பெயர் காணாமல் போகும் என்பதை அவரால் தீர்மானிக்க முடிந்தது. செத்தவர்கள் வந்து ஓட்டுப் போட்ட கதைகள் பிரெஞ்சிந்தியாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பிரபலம்.

மேயராக வந்தவர்களும் பெரும்பாலும் ஊரின் பெரிய நிலக்காரர்கள். பாகூர் பக்கம் நெல் விளையும் பூமி. ஏரிப் பாசனம். நிலம் யாரிடம் இருக்கிறதோ, குத்தகைக்காரரும் கூலியாளும் அவர் பேச்சைக் கேட்க வேண்டிய காலம் அது. நிலமும் மேரியும் ஒரே குடும்பத்தில் சேர்ந்துவிட்டால் அந்த ஊரில் தேர்தல் என்பது ஒரு சடங்கு.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு எல்லோருக்கும் வாக்குரிமை வந்தது. 1947-ல் குபேரும் அவர் சகாக்களும் பிரெஞ்சிந்திய சோசலிஸ்ட் கட்சியைத் தொடங்கினார்கள். பெயர் சோசலிஸ்ட். அதன் பலம் மில் தொழிலாளர்களிடம் இல்லை, கொம்யூன் மேயர்களிடம் இருந்தது. தொழிலாளர்கள் இருந்தது வ. சுப்பையாவின் பின்னால். 1936 ஜூலை 30-ல் துப்பாக்கிச் சூட்டில் 12 மில் தொழிலாளர்கள் உயிரிழந்த போராட்டத்தை நடத்திய கம்யூனிஸ்ட் தலைவர் அவர். நகரத்தில் சுப்பையா, கிராமத்தில் குபேர் என்று ஏறக்குறைய கோடு கிழித்தாற்போல் இருந்தது நிலைமை.

சந்திரநாகூர் கற்றுத் தந்த பாடம்

1948 ஜூனில் இந்தியாவும் பிரான்ஸும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. பிரெஞ்சிந்திய மக்கள் எந்தப் பக்கம் என்பதை அவர்களே வாக்களித்துச் சொல்லட்டும். எப்போது, எப்படி வாக்கெடுப்பு நடத்துவது என்பதை நகராட்சி மன்றங்கள் முடிவு செய்யட்டும். ஆக, பிரெஞ்சிந்தியாவின் தலைவிதியே மேயர்கள் கைக்கு வந்தது.

அந்த அக்டோபரில் நடந்த நகராட்சித் தேர்தலில் குபேரின் கட்சி அள்ளியது. அவர்கள் பிரெஞ்சு ஆட்சி தொடரட்டும் என்றவர்கள்.

வங்காளத்தில் இருந்த சந்திரநாகூர் மட்டும் தனி வழியில் போனது. 1949 ஜூன் 19-ல் அங்கே வாக்கெடுப்பு நடந்தது. இந்தியாவோடு சேர 7,473 பேர் வாக்களித்தார்கள். எதிராக 114 பேர். இந்தக் கணக்கைப் பார்த்த பிறகு புதுச்சேரியில் வாக்கெடுப்பு நடத்த பிரெஞ்சு அதிகாரிகளுக்கும் அவசரம் இல்லை, குபேருக்கும் அவசரம் இல்லை. தேதி தள்ளிக்கொண்டே போனது.

இதற்கிடையே புதுச்சேரித் தெருக்களில் அடிதடி அரசியல். 1950-ல் சுப்பையாவின் வீடு கொளுத்தப்பட்டது. இணைப்பை ஆதரித்தவர்கள் பலர் எல்லையைத் தாண்டி இந்தியப் பகுதியில் தங்கி இயங்கினார்கள். 1951-ல் நடுநிலை நாடுகளின் பார்வையாளர்கள் வந்து பார்த்துவிட்டு, நேர்மையான வாக்கெடுப்பு நடக்கும் சூழல் இங்கே இல்லை என்று சொல்லிப் போனார்கள்.

அதே ஆண்டு ஜூனில் பிரெஞ்சு நாடாளுமன்றத் தேர்தல். ஏற்கெனவே உறுப்பினராக இருந்த லம்பேர் சரவணன், குபேரோடு ஒரு காலத்தில் ஒன்றாக நின்றவர், இப்போது இந்தியாவோடு இணைய வேண்டும் என்ற பக்கம் வந்திருந்தார். குபேர் அவரைத் தோற்கடித்து பாரிஸ் போனார். புதுச்சேரி கோர்ட்டில் முத்திரை குத்திக்கொண்டிருந்தவர், ஐம்பத்தாறு வயதில் பிரான்ஸ் நாட்டின் சட்டம் இயற்றும் சபையில் அமர்ந்தார். உள்ளூரில் அரசு ஆலோசனைக் குழுவும் அவர் ஆட்கள் கையில். அந்த நேரத்தில் புதுச்சேரியின் உண்மையான கவர்னர் யார் என்று யாராவது கேட்டிருந்தால், ஊரில் பலர் குபேரைக் காட்டியிருப்பார்கள்.

ஒரே ஊர்... பன்னிரண்டு துண்டு!

இப்போது வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். மொபைலில் கூகுள் மேப் போதும்.

புதுச்சேரியிலிருந்து கடலூர் சாலையில் தெற்கே போனால், நடுவில் ரெட்டிச்சாவடி வரும். அது தமிழ்நாடு. கொஞ்ச தூரத்தில் மறுபடி புதுச்சேரி. விழுப்புரம் சாலையில் வில்லியனூரைத் தாண்டினால் கண்டமங்கலம். அது தமிழ்நாடு. அடுத்து திருபுவனை. அது புதுச்சேரி. ஒரே பஸ் பயணத்தில் இரண்டு மூன்று முறை மாநிலம் மாறும். இந்தப் பக்கத்து மக்களுக்கு இது பழகிப்போன விஷயம். பெட்ரோல் போட எந்த பங்க், எந்த விலை என்பதில் மட்டும்தான் இன்று எல்லைக்கு மரியாதை. புதுச்சேரிப் பகுதி மட்டுமே பன்னிரண்டு தனித்தனித் துண்டுகளாகச் சிதறிக் கிடக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் ஒவ்வொரு காலத்தில் ஒவ்வொரு ஊராகச் சேர்த்ததன் விளைவு.

பிரெஞ்சு ஆட்சி முடியும் தறுவாயில் இந்த எல்லைகள் விளையாட்டாக இல்லை. 1949-ல் இரு தரப்புக்கும் இடையிலான சுங்க உடன்பாடு முறிந்தது. அதன் பிறகு ஒவ்வொரு துண்டைச் சுற்றியும் இந்திய சுங்கச் சாவடிகள் முளைத்தன. வண்டியில் நெல் ஏற்றிப் போகும் விவசாயி தன் ஊரிலிருந்து புதுச்சேரிக்குப் போக இடையில் இந்தியாவைக் கடக்க வேண்டும். போகும்போது ஒரு சோதனை, வரும்போது ஒரு சோதனை. நகரத்தில் கடைக்காரர்களுக்கு இறக்குமதிப் பொருள் வியாபாரம் கொழித்தது. கடத்தலும் கொழித்தது. கிராமத்தில் இருந்தவருக்கு எல்லை என்றால் தொல்லை மட்டும்தான்.

நெட்டப்பாக்கம் அப்படி ஒரு துண்டு. பாகூருக்கு மேற்கே, நாலு பக்கமும் இந்தியா. புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சு போலீஸ் அங்கே போக வேண்டும் என்றால், இந்திய மண்ணைத் தாண்டித்தான் போக வேண்டும். இந்தியா அனுமதிக்காவிட்டால் போக முடியாது. வரைபடத்தில் ஒரு சின்ன விஷயம். 1954 மார்ச்சில் அதுவே பெரிய விஷயமானது.

மார்ச் 18... மார்ச் 31

1954 மார்ச் 18 அன்று புதுச்சேரிப் பகுதியின் எட்டு கொம்யூன் மேயர்களும், குபேரின் அரசு ஆலோசனைக் குழு சகாக்களும் ஒரு தீர்மானத்தை வெளியிட்டார்கள். வாக்கெடுப்பு வேண்டாம். உடனே இந்தியாவோடு இணைக்க வேண்டும். அதே மேயர்கள். அதே கட்சி. ஆறு ஆண்டுகளாக எதை எதிர்த்தார்களோ அதையே இப்போது கேட்டார்கள்.

குபேர் ஏன் திரும்பினார்?

தேசபக்தி என்று அவர் தரப்பு சொன்னது. அது முழுப் பதில் என்று வரலாற்றாசிரியர்கள் யாரும் ஏற்கவில்லை. ஊழல், கடத்தல் புகார்கள் அவரைச் சுற்றி நெடுநாளாக இருந்தன. பிரெஞ்சு நிர்வாகம் அவற்றை விசாரிக்கத் தொடங்கிய நேரம் அது. நீதிமன்றத்திலேயே வளர்ந்த மனிதருக்கு, தன்மீது வரும் கோப்பு எவ்வளவு தூரம் போகும் என்று தெரியாமல் இருக்காது. இன்னொரு பக்கம், இந்தோசீனாவில் பிரான்ஸ் தோற்றுக்கொண்டிருந்தது. தியன் பியன் பூ கோட்டை முற்றுகையில் இருந்த நாட்கள். பிரெஞ்சு கப்பல் மூழ்குமுன் இறங்கிவிட வேண்டும் என்ற கணக்கும் இருந்திருக்கும். மூன்றாவது காரணம் சுப்பையா. இணைப்பு எப்படியும் நடக்கப் போகிறது. கம்யூனிஸ்ட்டுகள் முந்திக்கொண்டால் இணைந்த புதுச்சேரியில் குபேருக்கும் மேயர்களுக்கும் இடம் இருக்காது.

மேயர்களுக்குத் தனிக் கணக்கும் இருந்தது. அவர்களின் நிலமும் வியாபாரமும் உறவும் எல்லைக்கு இரு பக்கமும் கிடந்தன. பெண் எடுத்தது பண்ருட்டியில், நெல் விற்பது கடலூரில் என்று வாழ்பவருக்கு சுங்கச் சாவடியோடு எத்தனை நாள் மல்லுக்கட்ட முடியும்? குபேர் மேயர்களைத் திருப்பினார் என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். மேயர்கள் திரும்பத் தயாரானதால்தான் அவரால் அது முடிந்தது என்பதும் அதே அளவு உண்மை.

பிரெஞ்சு நிர்வாகம் சும்மா இருக்கவில்லை. நகரத்தில் கைது ஆபத்து வந்தது. குபேர் கிளம்பினார். போன இடம்தான் நெட்டப்பாக்கம். மார்ச் கடைசியில் குபேரும் அவர் சகா முத்துகுமரப்ப ரெட்டியாரும் முன்னிற்க, நெட்டப்பாக்கம் போலீஸ் நிலையத்தில் மூவர்ணக் கொடி ஏறியது. ‘விடுதலை பெற்ற பகுதி’களுக்கு ஒரு தற்காலிக அரசும் அறிவிக்கப்பட்டது. பாரிஸ் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர், பிரான்ஸ் ஆட்சிக்கு எதிராக ஒரு கிராமத்து போலீஸ் நிலையத்தில் அரசாங்கம் நடத்தினார். அவரைப் பிடிக்க வர வேண்டிய போலீஸுக்கு வழியில் இந்தியா குறுக்கே நின்றது.

ஏப்ரலில் மண்ணாடிப்பட்டு பக்கம் திருபுவனையில் சுப்பையாவின் கம்யூனிஸ்ட்டுகள் கொடி ஏற்றினார்கள். நேற்றுவரை வெட்டுக்குத்தாக இருந்த இரு தரப்பும் ஒரே வேலையைப் போட்டி போட்டுச் செய்தன. ஜூனில் யானம் கைமாறியது, ஜூலையில் மாஹே. பிரெஞ்சு ஆட்சி ஓரத்திலிருந்து சுருங்கிச் சுருங்கி நகரத்துக்குள் வந்து நின்றது.

கீழூரில் 170

மே மாதம் தியன் பியன் பூ விழுந்தது. ஜூனில் பியர் மெந்தேஸ் பிரான்ஸ் என்பவர் பிரான்ஸின் பிரதமரானார். இவரும் ஒரு வழக்கறிஞர். இருபத்தோரு வயதிலேயே கறுப்பு அங்கி போட்டவர். டெல்லியில் நேரு, லண்டனில் படித்த பாரிஸ்டர். இரண்டு பக்கமும் சட்டம் படித்தவர்கள் அமர்ந்ததும் பேச்சு சட்டப் புள்ளியில் வந்து நின்றது: மக்களின் சம்மதம் இல்லாமல் ஒரு நிலப்பகுதியை விட்டுக்கொடுக்கக் கூடாது என்கிறது பிரெஞ்சு அரசியல் சட்டம். பொது வாக்கெடுப்போ நடக்கிற மாதிரி இல்லை. அப்படியானால் மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள் வாக்களிக்கட்டும்!

அந்த வாக்கெடுப்புக்குத் தேர்வான இடம் வில்லியனூர் கொம்யூனில் இருந்த கீழூர் என்ற சிற்றூர். 1954 அக்டோபர் 18. பிரதிநிதிகள் சபை உறுப்பினர்களும் நகராட்சி உறுப்பினர்களுமாக 178 பேர் கூடினார்கள். இணைப்புக்கு ஆதரவாக 170 வாக்குகள். எதிர்ப்பு 8. மூன்றாம் நாளே, அக்டோபர் 21-ல், டெல்லியில் ஒப்பந்தம் கையெழுத்தானது. நவம்பர் 1-ல் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. அந்த 178 பேரில் பெரும்பாலோர் எப்படி வந்தவர்கள்? குபேர் கட்சி கொடிகட்டிப் பறந்த நாட்களில், மேயர்கள் பட்டியல் போட்டு நடத்திய தேர்தல்களில் வந்தவர்கள். ‘இது தேர்தலே இல்லை’ என்று இந்திய ஆதரவாளர்கள் அன்று குற்றம் சாட்டிய அதே தேர்தல்கள். பிரான்ஸுக்காகக் கட்டப்பட்ட எந்திரம்தான் பிரான்ஸை வழியனுப்பி வைத்தது.

பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்புதல் தர மேலும் எட்டு ஆண்டுகள் எடுத்தது. 1962 ஆகஸ்ட் 16-ல்தான் சட்டப்படியான பரிமாற்றம் முழுமையானது. கீழூர் நினைவிடத்தில் ஆண்டுதோறும் ஆகஸ்ட் 16 அன்று கொடியேற்றி மரியாதை செலுத்துகிறார்கள். மற்ற நாட்களில் அந்த வழியாகப் போகும் பலர் வண்டியை நிறுத்துவதில்லை.

முதல் முதல்வர்... பதினான்கு மாதம்!

இணைப்புக்குப் பிறகு குபேர் காங்கிரஸில் இருந்தார். டெல்லிக்கு அவர்மேல் பெரிய நம்பிக்கை இருந்ததில்லை. ஆனால் அவர் இல்லாமல் புதுச்சேரியில் அரசியல் நடத்தவும் முடியவில்லை. நகரத்தின் மேயராகவும் இருந்தார். 1963 ஜூலை 1-ல் யூனியன் பிரதேசத்துக்குச் சட்டமன்றம் வந்தபோது முதல் முதலமைச்சர் அவர்தான். கிட்டத்தட்ட எழுபது வயது.

பதினான்கு மாதம் நீடித்தது அந்தப் பதவி. 1964 தேர்தலுக்குப் பிறகு, செப்டம்பரில் முதல்வர் நாற்காலி வேறொருவருக்குப் போனது. வந்தவர் வெங்கடசுப்பா ரெட்டியார், மடுகரைக்காரர். மடுகரை இருப்பது நெட்டப்பாக்கம் கொம்யூனில்! பத்து வருடத்துக்கு முன் தனக்கு அடைக்கலம் தந்த மண்ணிலிருந்து வந்தவரிடமே குபேர் பதவியை விட்டார். ரெட்டியாரின் மகன் வைத்திலிங்கமும் பின்னாளில் இரண்டு முறை முதல்வரானார். நகரத்து பிரெஞ்சுப் பெயர்களிடமிருந்து அதிகாரம் கிராமத்துக் குடும்பங்களுக்கு நகர்ந்ததை இதைவிடச் சுருக்கமாகக் காட்ட முடியாது.

குபேர் 1979 ஆகஸ்ட் 14-ல் காலமானார். விடுதலை வீரரா, சந்தர்ப்பவாதியா என்ற சண்டை புதுச்சேரியில் இன்னும் முடியவில்லை. இரண்டு தரப்புக்கும் ஆதாரம் உண்டு. அவர் திரும்பியிராவிட்டால் இணைப்பு தாமதமாகியிருக்கும். அவர் ஆறு வருடம் முட்டுக்கட்டை போட்டிராவிட்டால் அது முன்பே நடந்திருக்கும்.

ஏணியின் முதல் படி எங்கே?

உலகில் பல நாடுகளில் சட்டம் படித்தவர்கள் அரசியலுக்குள் நுழையும் வாசல் ஊர் மன்றம்தான். சுவிட்சர்லாந்தின் எலிசபெத் கோப் நல்ல உதாரணம். அந்த நாட்டிலும் உள்ளாட்சிக்குப் பிரெஞ்சு பேசும் பகுதியில் கொம்யூன் என்றே பெயர். ஜூரிச்சில் சட்டம் படித்த கோப், 1970-ல் சூமிகோன் என்ற சிற்றூரின் மன்ற உறுப்பினர் ஆனார். 1974-ல் அதன் தலைவர். 1979-ல் நாடாளுமன்றம். 1984-ல் ஏழு பேர் கொண்ட மத்திய அமைச்சரவையில் இடம்பிடித்த முதல் பெண். கணவர் தொடர்புடைய ஒரு நிறுவனம் விசாரணையில் சிக்கப் போகிறது என்று அவருக்குப் போனில் சொன்னது தெரியவந்து, 1989-ல் பதவியை இழந்தார். மறு ஆண்டு நீதிமன்றம் அவரை விடுவித்தது. ஏறியதும் இறங்கியதும் அவரவர் விதி. ஆனால் ஏறுவதற்கு சூமிகோனில் ஒரு முதல் படி இருந்தது.

அதே படி வில்லியனூரிலும் பாகூரிலும் ஒரு காலத்தில் இருந்தது. 1968-ல் தேர்தல் நடந்தது. 1973-ல் புதிய சட்டங்கள் வந்து கிராமப்புறக் கொம்யூன்கள் கொம்யூன் பஞ்சாயத்துகள் ஆகின. பெயர் மாறியது, தேர்தல் வரவில்லை. நாடு முழுக்க உள்ளாட்சித் தேர்தலைக் கட்டாயமாக்கிய 73-வது அரசியல் சட்டத் திருத்தம் வந்தும் வரவில்லை. நீதிமன்றப் படிகள் ஏறிய பிறகு, 38 ஆண்டுகள் கழித்து 2006-ல் வந்தது. ஐந்து நகராட்சிகள், பத்து கொம்யூன் பஞ்சாயத்துகள், 98 கிராமப் பஞ்சாயத்துகளுக்குத் தலைவர்களும் உறுப்பினர்களும் கிடைத்தார்கள். அவர்களின் பதவிக் காலம் 2011-ல் முடிந்தது.

பிறகு மறுபடி மௌனம். 2021-ல் தேதி அறிவித்தார்கள். வார்டு ஒதுக்கீட்டில் கிளம்பிய சர்ச்சை உயர் நீதிமன்றம் வரை போக, தேர்தல் நின்றது.

இப்போது பாகூரில் தெருவிளக்கு எரியவில்லை, வில்லியனூரில் வாய்க்கால் அடைத்துக்கொண்டது என்றால், மனு போகும் இடம் கொம்யூன் பஞ்சாயத்து ஆணையரின் அலுவலகம். அவர் அரசு அதிகாரி. மாற்றலாகிப் போவார், இன்னொருவர் வருவார். வார்டு உறுப்பினர் செய்ய வேண்டிய சிபாரிசுக்கு எம்.எல்.ஏ வீட்டு வாசலில் நிற்கிறார்கள் மக்கள். 2006-ல் ஓட்டுப் போடும் வயது வராத ஓர் இளைஞர், இன்று முப்பதைக் கடந்தும், தன் ஊர்ப் பஞ்சாயத்துக்கு ஒரு முறைகூட வாக்களித்ததில்லை.

குபேர் அவென்யூவில் இருந்த பழைய ‘மேரி’ கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. அதே பிரெஞ்சுப் பாணியில், அதே இடத்தில் மீண்டும் கட்டி 2021 பிப்ரவரியில் திறந்தார்கள். இரவில் விளக்கொளியில் படம் எடுக்க நல்ல இடம். தேர்தலில் ஜெயித்த நகராட்சித் தலைவர் ஒருவர் இன்னும் அங்கே வந்து உட்காரவில்லை.